மயிலத்தில் இருப்பவர் பெயர்

அந்தச் சொல்லைக் கார்குழலி மூன்று வருஷமாகக் கண்ணால் மட்டுமே பார்த்திருந்தாள். யார் வாயாலும் கேட்டதில்லை. கேட்க வாய்ப்பும் இல்லை. புதுச்சேரியில் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடியவர்களில் பாதிப் பேர் செத்துப் போனார்கள், மீதிப் பேர் பாரீசுக்குப் போனார்கள்.

சொல் இதுதான்: தே குஜுஸ்.

மிஷன் வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இராமதாஸ் சாரின் மொழிபெயர்ப்பு அலுவலகம். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கிற குடும்பங்களின் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அந்த மாடிப்படியில் ஏறி, வேறு மொழியாக இறங்கிப் போகும். உட்கார்ந்து எழுதுவது கார்குழலி. 'என்னால் மொழிபெயர்க்கப்பட்டது' என்று முத்திரை குத்துவது இராமதாஸ். அவர்தான் கோர்ட்டில் சத்தியம் செய்தவர். இவள் முதலியார்பேட்டை மில் தொழிலாளி மகள். மில்லை மூடியதும் அப்பா அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாட்ச்மேன் ஆனார். காலாப்பட்டு வரைக்கும் தினம் பஸ்ஸில் தொங்கிப் போய் எம்.ஏ. பிரெஞ்சு முடித்தவள். வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். வருகிற கட்சிக்காரர்கள் அவள் பிரெஞ்சைக் கேட்டுவிட்டு, நீ யார் வீட்டுப் பெண், உங்களுக்கு நாஷனாலித்தே, பிரெஞ்சுக் குடியுரிமை, உண்டா என்று கேட்பார்கள். இல்லை என்றால் அவர்கள் முகத்தில் ஒன்று விழும். அது விழுகிற சத்தம்கூட அவளுக்குக் கேட்கும்.

பிரான்சிலிருந்து நோத்தேர் அனுப்பும் தாள்களில்தான் அந்தச் சொல் வரும். அங்கே சொத்து, வாரிசு, கல்யாண ஒப்பந்தம் எல்லாவற்றையும் எழுதிப் பதிகிற சட்ட அலுவலர் நோத்தேர். ஒருவர் செத்துவிட்டால் அந்தத் தாளில் அவர் பெயர் முதல் பத்தியில் ஒரே ஒரு தடவை வரும். அதற்குப் பிறகு அவர் தே குஜுஸ்தான். தே குஜுஸின் வீடு, தே குஜுஸின் கடைசி முகவரி, தே குஜுஸின் சகோதரி மகன்.

முதல் தடவை பார்த்தபோது, கார்குழலி அதை யாரோ ஒரு பிரபுவின் பரம்பரைப் பெயர் என்றே நினைத்தாள். பிறகு தோண்டிப் பார்த்தாள். அது பெயர்ச்சொல்லே இல்லை. பழைய ரோமானிய வக்கீல்களின் லத்தீன் வாக்கியம் ஒன்று: இஸ் தே குயுஸ் சுக்செஸ்ஸியோனே ஆகிதுர். 'எவருடைய சொத்து இறங்குவதைப் பற்றிப் பேச்சு நடக்கிறதோ, அவர்.' நீளமாக இருக்கிறதென்று பிரெஞ்சு வக்கீல்கள் முன்னாலும் பின்னாலும் வெட்டினார்கள். 'அவர்' போயிற்று. சொத்து போயிற்று. பேச்சும் போயிற்று. நடுவில் தே குயுஸ், 'எவருடையதைப் பற்றி' என்ற துண்டு மட்டும் மிஞ்சியது, அதுவும் பிரெஞ்சு வாயில் தே குஜுஸ் ஆயிற்று. அதன் தலையில் ஆண்பால் பெயருக்குப் பிரெஞ்சில் வைக்கிற 'ல'வை வைத்துப் பெயர்ச்சொல் என்று நடமாட விட்டார்கள். செத்தது பெண்ணாக இருந்தால் 'லா'. பத்துப் பேர் சேர்ந்து செத்தாலும் பன்மைக்குச் சொல் மாறாது.

இதைக் கண்டுபிடித்த அன்று அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு மனுஷன் அறுபது எழுபது வருஷம் வாழ்ந்து முடித்தால், மொழி அவனுக்குக் கடைசியில் ஒரு வேற்றுமை உருபை மட்டும் மிச்சம் வைக்கிறது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. டைப் அடிக்கிற ஹேமலதா அக்காவிடம் சொன்னாள். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, இறந்தவர்னு போட்டுட்டுப் போயேன், இதுக்கா லஞ்ச் டயத்தில் இவ்வளவு என்றார். அப்பாவிடம் சொன்னாள். நைட் ட்யூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, அப்ப எங்கிட்ட சொத்து ஒண்ணும் இல்லியே, நான் செத்தா எனக்கு இன்னா பேரு என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். அவளுக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம் அவளுக்குப் பழகிப்போன ஒன்று.

கூடப் படித்த சரிதா ரீயூனியன் தீவில் இருக்கிறாள். அவளுக்கு நீளமாக மெசேஜ் எழுதினாள். ஒரு சிரிப்புப் பொம்மை திரும்பி வந்தது. அதோடு அந்தச் சொல்லை அவள் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

சின்னப்பாப்பா மாடி ஏறி வந்தது போன தை மாசத்தில். அறுபது வயசு இருக்கும். பாகூர்ப் பக்கத்துக் கிராமத்தில் நடவு நட்ட கை. இருபத்தாறு வருஷமாகப் புதுச்சேரி உப்பளம் பகுதியில், பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற தமிழர் ஒருவர் வீட்டில் வாழ்க்கை. அவருக்கு மனைவி. ஆனால் ஊருக்கு மட்டும்தான் மனைவி. மயிலம் முருகன் கோயிலில் தாலி கட்டினார். பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றவில்லை. அடுத்த வருஷம் பண்ணிக்கலாம், அடுத்த வருஷம் பண்ணிக்கலாம் என்றே வருஷங்கள் போயின. அந்தக் காகிதத்தில் அவர் கல்யாணம் ஆகாதவர். இரண்டு கவர்மெண்டுக் காகிதமும் ஒன்றோடொன்று முட்டக்கூடாது என்று சின்னப்பாப்பாவின் ரேஷன் கார்டையும் மாற்றவிடவில்லை. அதில் அவள் இன்னும் அவளுடைய அப்பாவின் மகள்தான். இந்த ஊரில் இப்படி எத்தனையோ வீடு உண்டு. ஆள் இருக்கிறவரைக்கும் ஒன்றும் தெரியாது.

நெஞ்சு ஆபரேஷனுக்கென்று பிரான்சுக்குப் போனவர், அக்கா மகன் வினோத்குமார் வீட்டில் தங்கி, அங்கேயே போய்விட்டார். அங்கேயே எரித்தும் விட்டார்கள். சின்னப்பாப்பாவுக்குப் போனில் செய்தி வந்தது. இப்போது வினோத்குமார் உப்பளம் வீட்டை விற்கக் கேட்கிறான். அங்கே நோத்தேர் எழுதப்போகும் வாரிசுத் தாளில் சின்னப்பாப்பா மனைவி என்று ஏறிவிட்டால், அவளைக் கேட்காமல் யாரும் வீட்டைத் தொட முடியாது. ஏறாவிட்டால் அவள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அக்கம்பக்கத்தார் கையெழுத்துப் போட்ட மனுவைக் கார்குழலிதான் பிரெஞ்சில் எழுதி அனுப்பினாள். நோத்தேர் பதில் போட்டார்: புதன்கிழமை இந்திய நேரம் மூன்று மணிக்குத் வீடியோ அழைப்பில் அந்தப் பெண்ணையே ஒரு தடவை கேட்கிறேன், மொழிபெயர்ப்பாளர் கூட இருக்கட்டும்.

கூடவே வினோத்குமாரின் வாக்குமூல நகல் ஒன்றும் வந்தது. அதில் இரண்டு வரி: அந்தப் பெண் மாமா வீட்டு வேலைக்காரி. மாமாவின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

இந்த இரண்டு வரியைக் கார்குழலி சின்னப்பாப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. பாவம் என்று விட்டாள். அந்த இரக்கம்தான் முதல் தப்பு.

இரண்டாவது தப்பு இன்னும் பெரியது. செவ்வாய்க்கிழமை முழுக்க சின்னப்பாப்பாவை உட்கார வைத்துத் தயார் செய்தாள். கல்யாண நாள் என்ன, யார் யார் வந்தார்கள், அவருக்கு என்ன மாத்திரை, வலது கால் ஏன் விந்தும். எல்லாவற்றுக்கும் பதில் டக்டக்கென்று வந்தது. அவரு இப்படி, அவரு அப்படி, எங்க வூட்டுக்காரரு இன்னது சொன்னாரு. பெயர் தாளிலேயே இருந்ததால் அதைக் கேட்கக் கார்குழலிக்குத் தோன்றவில்லை. அன்று வீட்டுக்குப் போய் நெடுநேரம் கண்ணாடி முன்னால் நின்று தன் பிரெஞ்சு உச்சரிப்பைத்தான் சரி பார்த்தாள்.

இராமதாஸின் பிரெஞ்சு காகிதப் பிரெஞ்சு. வாயில் வராது. முத்திரைக்காக அவர் பக்கத்தில் உட்கார்ந்தார், பேசுவதற்குக் கார்குழலி. உள்ளே போகும்போதே அவர் சொல்லி வைத்தார்: அந்தம்மா சொல்றதை மட்டும் சொல்லு. கூட ஒரு வார்த்தை வேணாம், குறைச்சும் வேணாம்.

திரையில் வந்த நோத்தேர் ஒரு பெண். முப்பது வயசுதான் இருக்கும். கண்ணாடி போட்டிருந்தாள். பின்னால் ஜன்னலில் மழை. சின்னப்பாப்பாவுக்கு வணக்கம் சொன்னாள், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டாள். கார்குழலி பதில் சொன்னதும், உங்கள் பிரெஞ்சு ரொம்ப நன்றாக இருக்கிறதே என்றாள். யார் வீட்டுப் பெண் என்று கேட்கவில்லை. கார்குழலிக்குக் காது மடல் சுட்டது. இவளோடு ஒரு டீ குடிக்கலாம், இவளிடம் எல்லாம் சொல்லலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது.

அப்புறம் அந்தப் பெண் பேனாவை எடுத்துக்கொண்டு முதல் கேள்வி கேட்டாள். தே குஜுஸின் பெயர் என்ன?

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மனுஷ வாய் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டாள். அவள் நினைத்திருந்ததைவிட மெதுவாக இருந்தது, கடைசி 'ஸ்' கொஞ்சம் இழுத்தது. ஒரு நொடி அதிலேயே நின்றுவிட்டாள். பிறகுதான் தமிழில் கேட்டாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் பேரு என்னான்னு கேக்குறாங்க."

சின்னப்பாப்பா சிரித்தாள். முந்தானையை இழுத்து வாய்ப் பக்கம் வைத்துக்கொண்டாள். "அத நீயே சொல்லு கண்ணு. உனக்குத்தான் தெரியுமே."

"நீங்கதான் சொல்லணும்."

"அது எப்பிடி நான் சொல்றது."

முதலியார்பேட்டையில் கார்குழலியின் அம்மா, அப்பாவைப் பெயர் சொல்லித்தான் திட்டுவாள். இந்தப் பழக்கமெல்லாம் செத்துப்போன சங்கதி என்று அவள் நினைத்திருந்தாள். திரையில் அந்தப் பெண் காத்திருந்தாள்.

சின்னப்பாப்பா அவளுக்குத் தெரிந்த வழியில் உதவி செய்தாள். "மயிலத்துல இருக்கிறவரு பேருதான். மயிலு மேல வர்றவரு."

சொன்னதை மட்டும் சொல்லு. கார்குழலி பிரெஞ்சில் சொன்னாள்: மயிலத்தில் இருப்பவரின் பெயர், மயில்மேல் வருபவரின் பெயர். நோத்தேர் கொஞ்சம் குனிந்து, மயில்மேலா என்று கேட்டாள். பட்டப்பெயரா? இராமதாஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

கார்குழலி விளக்கத் தொடங்கினாள். இங்கே ஒரு வழக்கம் உண்டு, இந்தத் தலைமுறைப் பெண்கள் கணவன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள், அது தெரியாமல் இல்லை, மரியாதை என்று சொல்லிக்கொண்டே போனாள். அவள் பிரெஞ்சு அன்று தண்ணீராக ஓடியது. நோத்தேர் முடிகிற வரைக்கும் கேட்டாள். கேட்டுவிட்டு, கடுமை ஒன்றும் இல்லாத குரலில் கேட்டாள்: "மன்னிக்கணும். இப்போது நீங்கள் மொழிபெயர்க்கிறீர்களா, சாட்சி சொல்கிறீர்களா?"

நோத்தேருக்கு வேறு வழி இல்லை. பெயர்கூடத் தெரியாத வேலைக்காரி என்று ஒரு ஆள் எழுதிக் கொடுத்திருக்கிறான். அந்தப் பெண் தன் வாயால் பெயரைச் சொன்னால்தான் மேற்கொண்டு கேட்க முடியும். ஐந்து நிமிஷம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஒலியை நிறுத்திக்கொண்டாள். அங்கே மழை சத்தமில்லாமல் பெய்தது.

இராமதாஸ் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். ஹேமலதா அக்கா எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

கார்குழலிக்கு இப்படிப்பட்ட பெண்கள் மீது எப்போதுமே எரிச்சல்தான். ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில், எரிச்சலுக்கு நடுவே வேறொன்றும் தெரிந்தது. ரோமாபுரி வக்கீல்களும் சரி, இந்த அம்மாவும் சரி, ஒரு ஆளைப் பெயர் சொல்லாமல் சுற்றிச் சுற்றித்தான் வருகிறார்கள். அவர்கள் பெயரை விட்டது தாளில் இடம் மிச்சம் பிடிக்க. இவள் விட்டது எதை மிச்சம் பிடிக்க என்று கேட்கத்தான் அப்போது நேரம் இல்லை.

"வினோத்குமார் இன்னா எழுதியிருக்கான் தெரியுமா?" என்றாள். "நீங்க வேலைக்காரியாம். மாமா பேரே உங்களுக்குத் தெரியாதாம்."

சின்னப்பாப்பா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"லீவுக்கு வரும்போது கேப்பான். அத்தே, மாமா பேரச் சொல்லு பாக்கலாம், மாமா பேரச் சொல்லு பாக்கலாம்னு. நான் ஓடுவேன். அவரு ஈஸிசேர்ல உக்காந்து சிரிச்சிக்கினு இருப்பாரு." நிறுத்தினாள். "அத்தைன்னுதான் கூப்புடுவான்."

"அதான் சொல்றேன். சொல்லிடுங்க. ஒரு பேரு. ஒரே தடவை. வூடு உங்களுக்கு."

"நான் அவரு பொணத்தப் பாக்கல கண்ணு. போன்லதான சொன்னாங்க. ஏர்ப்போர்ட்டுக்கு டாக்ஸி ஏறுனாரு, கதவச் சாத்துனாங்க, அதான் நான் பாத்தது." சின்னப்பாப்பா மேசைமேல் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டு பேசினாள். "இருக்கிறவரு பேரத்தான் சொல்ல மாட்டோம். நான் வாயத் தொறந்து சொல்லிட்டேன்னு வெய்யி, ஆமா, அவரு இல்லன்னு நானே சொன்னதா ஆவும்."

கார்குழலிக்கு நேரம் ஓடுவது தெரிந்தது. திரையின் மேல் மூலையில் நான்கு நிமிஷம் ஆகியிருந்தது. பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தாள், வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று. அந்த நேரத்தில் வாயில் வந்தது இதுதான்.

"அவரு இல்லம்மா."

அறைந்த மாதிரி இருந்தது. அறைந்தவளுக்கும்தான். சின்னப்பாப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கார்குழலிக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும்.

ஒலி திரும்ப வந்தது. நோத்தேர் கேள்வியை அதே சொற்களில் மறுபடி கேட்டாள். கார்குழலி மறுபடி தமிழில் கேட்டாள். சின்னப்பாப்பா திரையைப் பார்க்கவில்லை. சுவரில் ஏதோ ஒரு இடத்தைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

"சுப்பிரமணியன்."

குடும்பப் பெயரும் வேண்டும் என்றாள் நோத்தேர். அது அவருடைய அப்பாவின் பெயர். பிரெஞ்சுக்காரன் பதிவேட்டில் அப்பா பெயர்தான் குடும்பப் பெயராக உட்கார்ந்திருந்தது. மாமனார் பெயரைக் கேட்கிறார்கள் என்று கார்குழலி சொன்னபோது அவள் குரலே அவளுக்குக் கேட்கவில்லை. சின்னப்பாப்பா இந்தத் தடவை தயங்கவில்லை.

"அரிகிருஷ்ணன்."

கார்குழலி இரண்டையும் திருப்பிச் சொன்னாள். அவள் வாயில் அவை இரண்டு சாதாரணப் பெயர்கள். நோத்தேர் எழுதிக்கொண்டாள். மீதிக் கேள்விகள் இருபது நிமிஷத்தில் முடிந்தன. தேதி, கோயில், மாத்திரை, கால். சின்னப்பாப்பா எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள். கடைசியில் நோத்தேர் இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டு, நீங்கள் பிரெஞ்சு எங்கே படித்தீர்கள் என்று கார்குழலியைக் கேட்டாள். இந்தக் கேள்விக்கு நேற்று கண்ணாடி முன்னால் நின்று ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தாள். இங்கேயேதான் என்று மட்டும் சொன்னாள். திரை அணைந்தது.

இராமதாஸ், நல்லா பண்ணே கார்குழலி என்று சொல்லி முத்திரைப் பெட்டியைத் திறந்தார். அவள் டீ வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது சின்னப்பாப்பா நாற்காலியில் இல்லை. படியில் எட்டிப் பார்த்தாள். கீழே ஜெராக்ஸ் கடைக்காரர், அந்தம்மா அப்பவே போயிட்டாங்களே என்றார். டீயை அவளே குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

மூன்று வாரம் கழித்துத் தாள் வந்தது. வினோத்குமார் பக்கத்தை ஒதுக்கிவிடவில்லை. அது கோர்ட்டில் போய்த்தான் முடிய வேண்டும். ஆனால் சின்னப்பாப்பா, மத முறைப்படி மயிலத்தில் மணந்த மனைவி எனத் தன்னை அறிவிப்பவர் என்று ஏறியிருந்தது. அவளைக் கேட்காமல் வீட்டை விற்கக்கூடாது என்ற வரியும் இருந்தது. கட்சிக்காரரைப் போனில் கூப்பிட்டுத் தாளை வாங்கிப் போகச் சொல்வதுதான் அலுவலக வழக்கம். கார்குழலி அன்று வேலை முடிந்ததும் தாளை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கு நடந்தாள். ஏன் என்று ஹேமலதா அக்கா கேட்டார். வழியில்தான் என்றாள். வழியில் இல்லை.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. சின்னப்பாப்பா தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வா என்றாள். ஈஸிசேரை நகர்த்திச் சுவரோரம் போட்டிருந்தது, அதில் துவைத்த துணி மடித்து அடுக்கியிருந்தது. கார்குழலி தரையிலேயே உட்கார்ந்தாள். வீடு இப்போதைக்கு உங்களுக்கு நின்னுடுச்சிம்மா என்றாள். சரி என்றாள் சின்னப்பாப்பா. படி என்றாள்.

தமிழ்ப் பிரதியில் பெயர் முதல் பத்தியில் ஒரு தடவைதான். அதற்குப் பிறகு நாலு பக்கமும் தே குஜுஸ். அதற்குக் கார்குழலி 'உரிமை விட்டுச்சென்றவர்' என்று ஒரு சொல் செய்து போட்டிருந்தாள். மூன்று வருஷம் தேடிச் செய்த சொல். அதை இந்த அறையில், இந்தக் கீரைக்கு முன்னால் சத்தமாகப் படிக்க அவளுக்கு வாய் வரவில்லை. முதல் பத்தியைத் தாண்டியதும் அந்தச் சொல் வந்த இடத்திலெல்லாம் 'அவர்' என்று மாற்றிப் படித்தாள். அவருடைய வீடு. அவருடைய கடைசி முகவரி. இரண்டு பக்கம் அப்படியே போயிற்று.

"எதுக்கு அவரு அவருன்ற," என்றாள் சின்னப்பாப்பா, தலையை நிமிர்த்தாமல். "பேரச் சொல்லியே படி. அதான் சொல்லியாச்சே."

கார்குழலி தாளைப் பார்த்தாள். அந்த வரியில் பெயர் இல்லை. அவள்தான் போட்டுப் படிக்க வேண்டும்.

"சுப்பிரமணியனின் சகோதரி மகன்," என்று படித்தாள். "சுப்பிரமணியனின் வங்கிப் புத்தகம். சுப்பிரமணியனின் உடைகளும் சில்லறைச் சாமான்களும்."

சின்னப்பாப்பா காம்பை ஒடித்து ஒரு பக்கமும் இலையை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டிருந்தாள். கார்குழலி நிறுத்தியபோதெல்லாம், ம், மேல படி என்றாள். பக்கத்து வீட்டில் குக்கர் மூன்று விசில் விட்டு அடங்கியது. இன்னும் ஒன்றரைப் பக்கம் இருந்தது.